மண்கரையை வெட்டிய காலை

பட்டணத்தில் கல்மண்டபம் பக்கம் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகி எண்ணூருக்கு வந்தபோது, எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் முகத்துவாரம் வரைக்கும் கண்டல் காடு இருந்தது. உப்புச் சேற்றில் வேரூன்றி நிற்கும் மரங்கள். கடல் ஏறும்போது தண்ணீர் காட்டுக்குள் வரும், இறங்கும்போது வெளியே போகும். இறாலும் நண்டும் அந்தத் தண்ணீரோடு வரும். என் புருஷனின் அக்கா அங்கேதான் சேற்றில் கைவிட்டு நண்டு பிடித்து விற்றாள். புருஷனை இழந்தவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு தொழிற்சாலைக்கு லாரிகள் போக காட்டின் குறுக்கே மண்கரை கொட்டி சாலை போட்டார்கள். வலையில் மீன் இல்லாத காலம். என் புருஷன் அங்கே மண் சுமக்கும் கூலிக்குப் போனார். சாலையின் அகலத்துக்கு மட்டும்தான் மரம் வெட்டினார்கள். மற்றதெல்லாம் அப்படியே நின்றதால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை. குட்டைகளில் சிக்கிய மீன்கள் வெயிலில் வெந்து மிதந்தன. கொக்குகள் கூட்டமாக வந்து தின்று தீர்த்தன, பிறகு அவையும் வரவில்லை. சேறு பாளம் பாளமாக வெடித்தது. இலைகள் பழுத்துக் கொட்டின. நாற்றத்தில் சோறு இறங்காது.

ஒரு நாள் பட்டப்பகலில் கண்டல் காட்டிலிருந்து ஒரு காட்டுப்பூனை குப்பத்துக்குள் வந்துவிட்டது. நாயளவு உயரம், உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீரில் இறங்கி மீன் பிடித்துத் தின்னும் சாதி. அதுவரை சேற்றில் அதன் கால் தடத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம். காயப்போட்ட கருவாட்டில் வாய் வைத்தது. நாய்கள் வளைத்துக்கொண்டன. ஆம்பிளைகள் வலையை வீசித் துடுப்பால் அடித்தார்கள். வலைக்குள்ளிருந்தே அது என் புருஷனின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அவர் வெறி பிடித்தவர்போல் அடித்தார். அது செத்த பிறகும் அடித்தார். கருவாட்டின் மேல் ரத்தம் தெறித்துக் கிடந்தது.

அண்ணி வலையை விலக்கிப் பார்த்தாள். "வவுத்துல ஒண்ணுமே இல்லடா. வெறும் எலும்புதான் கீது" என்றாள்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு சாலை வேலை மேஸ்திரியிடம் போனாள். "கரைக்கு அடியில ஒரு குழா போட்டுக் குடு நைனா. தண்ணி போனா போதும், உன் லாரிய யாரு தடுக்கப் போறா?" என்று கேட்டாள்.

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத. போம்மா" என்றான் அவன்.

அடுத்த பௌர்ணமி அன்று கடல் நன்றாக ஏறியிருந்த காலையில், பெண்கள் எல்லோரும் கடப்பாரை, மண்வெட்டியோடு போய் கரையை வெட்டினோம். பள்ளத்தில் முதல் தண்ணீர் கசிந்ததும் சாலை வேலை ஆட்கள் ஓடிவந்தார்கள். மேஸ்திரி ஒரு கிழவியின் மயிரைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கண்ணில் சேற்றை அள்ளி அப்பினேன். யாரோ என் முதுகில் உதைத்தார்கள். எழுந்தபோது என் புருஷன் கையில் மண்வெட்டியோடு அண்ணியின் எதிரில் நின்றார்.

"வுடுக்கா! பொயப்பக் கெடுக்காத!"

"எம் பொயப்பு அந்தாண்ட செத்துகினு கீதுடா!"

அவள் மறுபடி கடப்பாரையை ஓங்கினாள். அதைத் தட்டிவிடத்தான் அவர் மண்வெட்டிக் காம்பை வீசினார் என்று பிறகு சொன்னார். அது அவள் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவர்மேல் பாய்ந்து தோளைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அவர் என்னை உதறித் தள்ளவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் தண்ணீர் கரையைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. மண் சரிந்ததில் ஒரு லாரியின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. போலீஸ் வந்து லத்தியால் எங்கள் கால்களைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். வேனில் ஏற்றினார்கள். சாயங்காலம் விட்டபோது பாதிப் பேரால் நடக்க முடியவில்லை.

சாலையைத் திரும்பப் போட்டபோது சிமெண்டுக் குழாய் வைத்தார்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை, கரை மறுபடி உடையும் என்ற பயத்தில். குழாய்க்கு அருகிலிருந்த மரங்கள் துளிர்த்தன, நண்டும் கொஞ்சம் வந்தது. தள்ளி நின்றவை நின்றபடியே காய்ந்தன. அந்தப் பூனைச் சாதியை அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

அண்ணியின் கை கோணலாகக் கூடியது, விரல்கள் மடங்கவில்லை. என் புருஷன் சாலை வேலையை விட்டுவிட்டு அவளோடு சேற்றில் இறங்கினார். விற்கப் போகும் நண்டுகள் கடிக்காதபடி கொடுக்குகளை அவளுக்காக அவரே கட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பற்றி என் காதில் விழப் பேசியதில்லை. நான் மட்டும் அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் எழுந்துபோன நாட்கள் நிறைய.

காய்ந்த மரங்களைக் குப்பத்துப் பெண்களே வெட்டி அடுப்பெரித்தோம். நானும்தான் வெட்டினேன். வேறு விறகு இல்லை.