கிளச் மிதிக்காத கார்

மந்தாரக்குப்பத்தில் குஞ்சிதபாதம் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். 'ரெண்டு எம்மு' வீடு எது என்று கேட்டால் மூக்கு ஒழுகும் பிள்ளைகூடக் கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். நெய்வேலி சுரங்கத்தில் ஜீப் ஓட்டிய டிரைவர் அவர். குடிக்கமாட்டார், சீட்டைத் தொடமாட்டார், வண்டியில் ஒரு கீறல் விழ விடமாட்டார். இத்தனை யோக்கியமான மனுஷனைத்தான் ஊர் பொய்யன் என்று முத்திரை குத்தி வைத்திருந்தது. காரணம் ஒரு கார்.

கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பதினைந்து வயதில் சென்னைக்குப் போய் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் மூட்டை தூக்கினார். அந்த முதலாளி ஜெர்மனிக்குத் தோல் அனுப்புகிறவர். 1937-ல் அங்கிருந்தே கப்பலில் ஒரு கார் வரவழைத்தார். அதன் பெயர் மைபாக். முன்பக்கம் ஒரு 'எம்' எழுத்துக்குள் இன்னொரு 'எம்' கோத்தாற்போல ஒரு சின்னம் இருக்கும். உள்ளே பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். குஞ்சிதபாதம் அதற்குக் கிளீனராகி, பிறகு டிரைவராகி, நாலு வருஷம் ஓட்டினார். யுத்தம் வந்ததும் ஜெர்மன் சாமான் வருவது நின்றது, பிறகு பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. காரைக் கட்டையில் ஏற்றி நிறுத்தினார்கள். முதலாளி கண்ணை மூடியதும் பிள்ளைகள் அதைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

இதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் தொல்லை இல்லை. நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தபின் சுரங்கத்து டிரைவர் ஷெட்டில் போய்ச் சொன்னார். அதுவும் எதைச் சொன்னார்? கிளம்பும்போது ஒருதரம் கிளச்சை மிதித்தால் போதும், அப்புறம் மிதிக்காமலே கியர் மாறும், ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பிடி உண்டு, அதை விரலால் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானே விழும் என்றார். நாள் முழுக்கக் கிளச்சை மிதித்து முழங்கால் வீங்கிப்போன லாரி டிரைவர்களிடம் சொல்கிற பேச்சா இது? கிளச் இல்லாமல் கியர் போட்டவன் பெண்டாட்டி இல்லாமல் பிள்ளையும் பெற்றிருப்பான் என்று ஒருவன் சொல்ல, ஷெட் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ரெண்டு எம்மு.

நம்பிய ஒரே ஜீவன் அவர் மனைவி சாமியம்மாள். காண்ட்ராக்டில் மண் சுமக்கிறவள். குழாயடியில் அவளையும் விடமாட்டார்கள், ரெண்டு எம்மு பொண்டாட்டி வந்துட்டா, வழி விடுங்க என்பார்கள். எங்கூட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பாள் அவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கு அந்தக் காரை நம்பாமல் இருக்க முடியாது. பெற்ற பிள்ளையின் சாவை அவள் தாங்கிக்கொண்டதே அந்தக் காரை நம்பித்தான்.

அது 1940. அவள் ஊரில் மாமியாரோடு இருந்தாள். இரண்டு வயதுப் பையன் வேணுவுக்குக் காய்ச்சல். வடலூர் போஸ்டாபீசுக்கு நடந்துபோய், எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பெரியமேட்டு விலாசத்துக்குக் கார்டு போட்டாள். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. புதைத்துப் பத்து நாள் கழித்துத்தான் குஞ்சிதபாதம் வந்து நின்றார். முதலாளியோடு பெங்களூர் போகும்போது கிருஷ்ணகிரியில் கார் படுத்துவிட்டது, அதில் கை வைக்க இந்த நாட்டில் ஆள் கிடையாது, நீ காவல் இரு என்று சொல்லிவிட்டு முதலாளி வாடகை வண்டியில் போய்விட்டார், பதினேழு ராத்திரி காருக்குள்ளேயே படுத்துக் கிடந்தேன், உன் கார்டு சென்னையிலேயே கிடந்திருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். அவள் அழுது தீர்த்தாள். தகவலே போகாத மனுஷனை என்னவென்று குற்றம் சொல்வது? அதோடு அந்தப் பேச்சை விட்டாள். பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை.

சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டி எடுக்க ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர எந்திரங்கள் வந்தன. அவற்றைப் பூட்ட ஜெர்மன்காரர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வேபர், ஐம்பத்தைந்து வயசு, அதிகம் பேசாதவர். அவருக்கு ஜீப் ஓட்டக் குஞ்சிதபாதத்தைப் போட்டார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஜெர்மன்காரன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதாதா? ஆனால் கேட்கக் கூச்சம். எட்டு மாசம் கேட்காமலே ஓட்டினார்.

1961 ஆயுத பூஜை வந்தது. ஷெட்டில் வண்டிகளைக் கழுவி, பொட்டிட்டு, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பெண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள், சாமியம்மாளும் வந்திருந்தாள். வேபர் நெற்றியில் சந்தனத்தோடு பொரி தின்றுகொண்டிருந்தார். போர்மேன் பன்னீர்செல்வத்துக்கு இங்கிலீஷ் வரும், வாயும் சும்மா இருக்காது. எங்கள் டிரைவர் ஒரு கார் ஓட்டினாராம், அது உங்கள் ஊரில் உண்டா என்று வேபரிடம் கேட்டுவிட்டு, சின்னத்தை எழுதிக் காட்டுமய்யா என்று குஞ்சிதபாதத்தை முன்னால் தள்ளினார். அவர் விரலைக் குங்குமத்தில் தொட்டு ஜீப்பின் முன்மூடியில் எழுதினார், ஒரு எம், அதற்குள் இன்னொரு எம். மைபாக் என்று பெயரையும் சொன்னார். வேபர் அதைப் பார்த்தார். பொரியைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து அந்த எழுத்தை அழுத்தித் துடைத்தார். தெரியாது, அப்படி ஒரு கார் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

தெரியாதவன் எதற்குத் துடைக்க வேண்டும் என்று குஞ்சிதபாதத்துக்குத் தோன்றியது. மற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஷெட்டில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானது. அவர் திரும்பிப் பார்த்தபோது சாமியம்மாள் அங்கே இல்லை.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"அந்தக் காரே கெடையாதுன்னா, எம்புள்ள உசுரு போவும்போது நீ எங்கயா இருந்த?"

கிருஷ்ணகிரியில் என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நாலு மாசம் அந்த வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசப்படவில்லை. பட்டணத்தில் அவருக்கு வேறொருத்தி இருந்திருப்பாள் என்று குழாயடியில் முடிவே கட்டிவிட்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. ஊர் சிரித்ததை இத்தனை வருஷம் தாங்கியவருக்கு அவள் பார்க்காமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை. ராத்திரி ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குஞ்சிதபாதம் காரைப் பற்றிச் சொன்ன அத்தனையும் சத்தியம். பொய் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். மண்டிக் கணக்குப்பிள்ளை அந்தக் கார்டை விலாசம் மாற்றிக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியிருந்தார். நான்காம் நாளே அது கைக்கு வந்துவிட்டது. பஸ் மாறி மாறிப் போனாலும் ஒன்றரை நாளில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். முதலாளி சொல்லைத் தட்டக்கூடாது என்று நினைத்தார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் போகும் என்று நினைத்தார். இரண்டுமே சாக்கு. யாரோ தெருப்பையன்கள் காரின் கருப்புப் பெயின்டில் ஆணியால் கீறிவிடுவார்களே என்று, அதை விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாசி மாதம் வேபருக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. கடைசியாக ஒருமுறை சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னார். குஞ்சிதபாதத்துக்கு முதலாளி வீட்டில் கேட்டுப் பழகிய இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. வேபர் அதற்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

மைபாக் என்பது ஒரு தகப்பன், மகனின் குடும்பப் பெயர் என்றார். தகப்பன் பெற்றவர்களை இழந்து அனாதை விடுதியில் வளர்ந்தவர், முதல் மெர்சிடிஸ் காருக்கு வடிவம் கொடுத்தவரே அவர்தான். பிறகு மகனோடு சேர்ந்து ஆகாயக் கப்பலுக்கு என்ஜின் செய்தார். மகன் காரும் செய்தார். என்ஜினும் அடிச்சட்டமும்தான் அவர்கள் வேலை, காரின் மேல்கூட்டை வேறு பட்டறைகள் வாங்குகிறவர் விருப்பத்துக்குக் கட்டிக்கொடுக்கும். இருபது வருஷத்தில் இரண்டாயிரம் கார்கூடச் செய்யவில்லை. மைபாக் என்ஜின் பட்டறையிலேயே நான் பிட்டராக இருந்தேன் என்றார்.

யுத்தத்தில் கார் நின்று, டாங்கிகளுக்கு என்ஜின் செய்தோம் என்றார் வேபர். அதற்காகவே 1944 ஏப்ரலில் விமானங்கள் வந்து எங்கள் ஊரின்மேல் குண்டு போட்டன. ஒரு என்ஜினைப் பார்க்க என்னை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, மனைவி இல்லை, நாலு வயது மகள் இல்லை. அதற்குப் பின் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது மைபாக் மகனும் செத்துப்போனார், பெரிய பென்ஸ் கம்பெனி அந்தப் பட்டறையை வாங்கிவிட்டது, ரயிலுக்கும் கப்பலுக்கும் என்ஜின் வருகிறது, அந்தப் பெயரில் கார் இல்லை. அன்றைக்கு உன் எழுத்தை நான் அழித்தது பாவம். உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார்.

குஞ்சிதபாதம் ஷெட்டை நினைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை வேபர் வந்தார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சன்னல் நிறைய அக்கம்பக்கத்துத் தலைகள். அவருக்குத் தமிழ் வராது, அவளுக்கு இங்கிலீஷ் வராது, புருஷன் மொழிபெயர்த்தால் அவள் நம்பப்போவதில்லை. வேபரே அதைப் புரிந்துகொண்டார் போலும். மைபாக் என்று ஒரே சொல் சொன்னார். இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். இடது காலால் ஒருதரம் மிதித்துவிட்டு, அப்புறம் அதைத் தரையில் அசையாமல் ஊன்றினார். விரலால் இல்லாத பிடியை லேசாகத் தள்ளினார், வலது காலைச் சற்றே தூக்கி மறுபடி வைத்தார். இருபது வருஷமாக அவள் புருஷன் செய்து காட்டிய அதே சைகை, அதே விரல், அதே கால். சாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேபருக்குக் காப்பி போடவேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

அவர் போனபின் குஞ்சிதபாதம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து அவர் காலைத் தொட்டாள்.

"ஊரு பேச்சக் கேட்டுக்கினு உன்ன சந்தேகப்பட்டுட்டேன். தகவலு வந்துருந்தா நீ பறந்து வந்துருப்பன்னு எனக்குத் தெரியாதா? என்ன மன்னிச்சிடுயா."

இதற்காகத்தான் அவர் நாலு மாசம் தவித்தது. சும்மா இருந்திருந்தால் அன்றோடு எல்லாம் சரியாகியிருக்கும், ஊரும் இனிமேல் வாயைத் திறக்காது. அவள் கை தன் காலில் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதை எடுத்து விலக்கினார்.

"கார்டு வந்துது" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. எந்தக் கார்டு என்றாள்.

"நீ போட்ட கார்டு. நாலாம் நாளே கிருஷ்ணகிரிக்கு வந்துடுச்சி. படிச்சேன். காரை வுட்டுட்டு வரல."

சாமியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கத்தாமல், கணவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"புள்ள அப்பா அப்பான்னு சொல்லிக்கினே கெடக்கான்னு எழுதச் சொன்னேன். கார்டு எழுதுனவரு அதையும் எழுதியிருந்தாரா?"

"எழுதியிருந்துது" என்றார் குஞ்சிதபாதம்.