கூண்டு இறங்கிய ஒரு மணி நேரம்

நெல்லித்தோப்பில் என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்த மீன்காரப் பெண், விலை சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கலியபெருமாளு போயிட்டாரு முசே. நேத்தே எடுத்தாச்சு." அவருடைய மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் யாருக்கும் எனக்கு ஆள் அனுப்பத் தோன்றவில்லை. தோன்றாததும் நியாயம்தான்.

அவரோடு கடலுக்குப் போனவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? கட்டுமரம் அலை தாண்டியதும், கையோடு கொண்டுபோன மணலில் ஒரு பிடியைத் தண்ணீரில் விடுவார். அது எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வலையைத் தொடுவார். "காத்து தெக்கேருந்து, தண்ணி வடக்கேருந்து. ரெண்டும் மோதுது. இன்னிக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டால் மரம் கரைக்குத் திரும்பிவிடும்.

நான் டவுன் கடற்கரையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். புயல் கூண்டை ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில் வீராம்பட்டினத்துக்குச் சென்று, "கூண்டு ஏறினால் போகாதீர்கள், இறங்கினால் போங்கள்" என்று பெரிய மனிதன் போலப் பேசினேன். வெள்ளைக்காரத் துரைகளை அழைத்தது போலவே என்னையும் 'முசே' என்று அழைத்து எல்லோரும் தலையாட்டினார்கள். கலியபெருமாள் மட்டும் கேட்டார்:

"கூண்ட எறக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப கடல வுட்டுட்டு உங்களப் பாக்கணும்னு சொல்லுங்க முசே."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊர் என் பேச்சைத்தான் கேட்டது. டவுனுக்கு விற்க வரும் பெண்கள் கூண்டு ஏற்றும் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வது வழக்கமாயிற்று.

ஓர் ஐப்பசியில் மூன்று நாளாகக் கூண்டு ஏறியிருந்தது. மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தார். கூண்டில் சாயம் உரிந்திருந்தது. "எறக்கித் தார் பூசி ஏத்துங்க, ஒரு மணி நேர வேலை" என்று உத்தரவு. மழை விட்ட நேரம் பார்த்து இறக்கினேன். அன்று கருவாடு விற்க வந்த பெண்கள் வெறும் கம்பத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். நான் கூண்டை மறுபடி ஏற்றியபோது அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

வீராம்பட்டினத்தில் அப்போது காற்று அடங்கியிருந்தது. கலியபெருமாள் தான் மட்டும் அலை தாண்டிப் போய், மணல் விட்டுப் பார்த்துத் திரும்பினாராம். "காத்துதான் நின்னிருக்கு. தண்ணி இன்னும் வெறியா இழுக்குது. போவாதீங்கடா" என்று கத்தியிருக்கிறார். "கூண்டே எறங்கிடுச்சிண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் தம்பி செங்கேணி மரத்தைத் தள்ளினான். கூட இரண்டு பேர். மூவரும் திரும்பவில்லை.

அறிக்கையை நான்தான் எழுதினேன்: 'எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தும் அதை மீறிக் கடலுக்குச் சென்றனர்.' மேலே இருந்தவர்கள் அப்படி எழுதச் சொன்னார்கள். எழுதிய கை என்னுடையது. கலியபெருமாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டிக் கைநாட்டு கேட்டார்கள். வைக்க முடியாது என்று எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு அவர்கள் ஊர்க் கோயிலின் ஒவ்வோர் ஆடித் தேருக்கும் டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போது எங்கள் அலுவலகப் படியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். "அந்த வரிய அடிச்சிட்டீங்களா முசே?" கோப்பு மேலே போய்விட்டது என்பேன். ஒரு வருஷம், "செத்தவன் திமிர் புடிச்சிச் செத்தான்னு அவன் புள்ளைங்க படிக்கணுமா?" என்றார். நான் பேனாவுக்கு மை ஊற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் அடுத்த ஆடிக்கும் வந்தார்.

இந்த ஆடிக்கு வரமாட்டார். இனி நிம்மதி என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்வி ஒன்றுதான். கோப்பு எங்கே இருக்கிறதோ தெரியாது. அதனால் அந்த வரியை இங்கே அடிக்கிறேன். வீராம்பட்டினத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் செங்கேணியின் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளே, உங்கள் அப்பாவும் கூடப் போன இருவரும் எதையும் மீறவில்லை. கூண்டு இறங்கினால் போங்கள் என்று சொன்னவன் நான். இறக்கியவனும் நான்.