குப்பைக்கு முதலிடம் வந்த காணி

போன செவ்வாய்க்கிழமை என் காணி முதலாம் இடத்தில் பாஸாகியது. எதில் என்கிறீர்களா? குப்பை கொட்டுவதில்!

பிரதேச சபைக்குக் குப்பை போட இடம் வேண்டுமாம். முன்பென்றால் எங்காவது ஒரு பள்ளத்தைப் பார்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் மேப் போட்டுத் தேடுகிறார்கள். நாவுலப் பக்கம் காணி வைத்திருப்பதால் எங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களை என்றால்... என்னையும் என் ஓரகத்தி கலாவையும்.

மாமனார் காணியைப் பிரித்தபோது ஓடைப் பக்கம் கலாவுக்குப் போனது. தண்ணீர், வயல், பேச்சுத்துணைக்குச் சுற்றிவர வீடுகள் – எல்லாம் அவளுக்கு. எனக்குக் காட்டோரத்து மேடு. கிணறு தோண்டினாலும் ஊறாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. ஒளிப்பானேன்? ஒவ்வொரு போகமும் அவள் வயலைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

திரையில் மேப்பைக் காட்டியது ஓர் இளம் அதிகாரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஓடைக்குத் தூரமாக இருக்க வேண்டுமாம். வீடுகளுக்கும் தூரமாம். வயலாக இருக்கக் கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேப், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். கலாவின் காணி சிவப்பாகி விலகிக்கொண்டது. என்னுடையது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

"அன்ரி, உங்கட காணிக்குத்தான் எல்லாத்திலயும் கூட மார்க்ஸ்."

நான் எதை எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ, அதெல்லாம் சேர்ந்து கலாவின் காணியைக் காப்பாற்றிவிட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

"அக்கா, ஒங்க காணி ஃபர்ஸ்ட்டாமே!" என்று கலா காதோரம் சொன்னாள். பாவம் பார்த்துச் சொன்னாளா, நக்கலா? எனக்கு நக்கலாகத்தான் கேட்டது.

மகளுக்குக் கொடுக்க எங்களிடம் இருப்பது அந்த மேடு ஒன்றுதான். குப்பை விழுந்தால் யார் சீண்டுவார்கள்? வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்கப்பா பங்கு வச்ச லட்சணத்தப் பாருங்க!"

"ஏன்டி, எங்கப்பா என்ன கம்ப்யூட்டரா படிச்சாரு?"

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை காணிக்கே வந்தாள். மேப் என்ன சொன்னாலும் நடந்து பார்க்காமல் முடிவெடுக்க மாட்டார்களாம். வேலி தாண்டியதும் நின்றுவிட்டாள். எதிரே யானை லத்தி, ஆவி கூட அடங்கவில்லை!

"அன்ரி, இதால யானை போறதோ?"

"வருஷா வருஷம் வருதும்மா. நட்ட வாழையில ஒண்ண விடாது."

"குப்பையைக் கொட்டினா பொலித்தீனைத் தின்னப் பழகிடும். இந்த இடம் சரிவராது அன்ரி."

அந்த லத்தியை விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

மார்க்ஸில் எனக்கு அடுத்ததாக வந்திருந்த இடத்தையும் நடந்து பார்த்து, அதையே முடிவு செய்தார்கள். யாரும் குடியில்லாத அரசாங்கக் காணி. அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், கலாவின் போன்.

"அக்கா, குப்பை லொறி போறதுக்குப் புதுசா தார் ஊத்தி காபட் ரோடு போடப்போறாங்களாம். எங்க காணி வாசலோட போகுதாம்க்கா!"

"லொறி நாத்தமும் அவங்களுக்குத்தானே, விடு" என்றார் வீட்டுக்காரர்.

எப்படி விட? லொறி வந்துவிட்டுப் போய்விடும்... ரோடு அங்கேயேதானே கிடக்கும்!