திராட்சரசம் என்று எழுதினேன்

"இவ்ளோ தூரம் வந்து திராட்சக் கொட்டையையா அளக்கப் போற? பேசாம கம்ப்யூட்டருக்கு மாறிடும்மா" என்றார் அங்கிள். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில், எனக்கு ஓர் அறை கொடுத்திருந்த தமிழ்ச் சபைக் குடும்பம் அங்கிளும் ஆன்ட்டியும். எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டுக்கு வந்துபோன எல்லோருமே கம்ப்யூட்டர்தான்.

ஆராய்ச்சிக்காக நான் அளந்தவை கருகிய விதைகள். இத்தாலியின் மேற்குக் கடற்கரையில், ரோம் தலையெடுக்கும் முன்பே செழித்திருந்த எத்ருஸ்கர்களின் குப்பைக்குழியில் கிடைத்தவை. காட்டுத் திராட்சையின் விதை உருண்டை. வளர்த்த கொடியின் விதைக்கு மூக்கு நீளும். என்னுடையவை இரண்டுக்கும் நடுவில் நின்றன. காட்டுக்கொடியைப் பழக்கி மதுவாக்கத் தொடங்கிய மனிதர்கள் என் நுண்ணோக்கியின் கீழே இருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

மறைத்தது வேறு. அப்பா சாராயம் குடித்தே செத்தவர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது; என் கடிதங்களை எங்கள் ஊர்க் கோயிலின் உபதேசியார் வாசித்துக் காட்டுவார். 'மது' என்று எழுதக் கை வரவில்லை. 'ஆதிகாலத்துத் திராட்சரசத்தைப் பற்றிப் படிக்கிறேன்' என்று வேதாகமச் சொல்லைப் போட்டேன். எங்கள் கோயிலிலோ திராட்சரசம் என்றால், உலர்ந்த பழத்தை ஊறவைத்துப் பிழிந்து திருவிருந்தில் கொடுக்கும் இனிப்புச் சாறு. மகள் கர்த்தருடைய பந்திக்காகப் படிக்கிறாள் என்று அம்மா சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊர் போன ஆன்ட்டி, அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தார்.

"பேச்சுவாக்குல ஒயின்னு சொல்லிட்டேம்மா. குடிச்சா போதை வருமான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?"

"வரும்னு சொல்லிட்டீங்களா?"

"பொய்யா சொல்ல முடியும்?" ஆன்ட்டி என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து வைத்தார். "'அவ அப்பனைக் கொன்னதுக்கா சபை முன்னால நின்னு ஸ்தோத்திரம் சொன்னேன்?'னாங்க."

நான் அடுத்தடுத்து எழுதிய மூன்று கடிதங்களையும் அம்மா பிரிக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருவதில்லை என்று உபதேசியார் எழுதியிருந்தார்.

கோடையில் அந்தக் கடற்கரைக்கே தோண்டப் போகும் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது.

"அம்மா கோவம் ஆறட்டும்மா. அடுத்த வருஷம் போயேன்" என்றார் ஆன்ட்டி.

அடுத்த வருஷம் அந்தக் குழியை மூடிவிடுவார்கள். அம்மாவின் கோபம் அதற்குள் ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறை கடிதத்தை எங்கள் ஊர்ச் சபைக்கே எழுதினேன். நான் படிப்பது போதை தரும் மதுவைப் பற்றி; தாய்க்கு அது தெரியாது; ஏமாற்றியது நான். ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வாசிக்கும்படி உபதேசியாரைக் கேட்டுக்கொண்டேன். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, ரயிலேறி சான் பிரான்சிஸ்கோ போய், இத்தாலிய விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.