மலையிலிருந்து வந்த தண்ணீர் பாட்டில்

'தம்பி பனியைத் தின்கிறானாம். அம்மா சாப்பிடவில்லை.' 2011 ஜனவரியில் என் டைரியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது.

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய, குடிக்கிற தண்ணீரும் உப்புக் கரிக்கும் மீனவர் கிராமம் எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு தம்பியைக் கடலுக்கு அனுப்பவே மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அவன் வெல்டிங் கற்றுக்கொண்டு, இமாச்சல மலையில் சுரங்கப்பாதை வேலைக்குப் போய்விட்டான். அன்று போனில், புதிதாக விழுந்த பனியை அள்ளி வெல்லம் தூவித் தின்றதாகச் சொன்னான்.

"ஐஸையா திங்குற? அது எந்தத் தண்ணில போட்டதுடா?" என்றார் அம்மா. மீன் பெட்டியில் கொட்டும் ஐஸை வாயில் வைத்தால் சின்ன வயதில் எங்களுக்கு அடி விழும். அம்மாவுக்குத் தெரிந்த ஐஸ் அதுதான்.

"யாரும் போடலம்மா. மேலேர்ந்து தானா வுழுது."

"காக்கா எச்சங்கூடத்தான் மேலேர்ந்து வுழுது!"

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை. பனியைத் தின்று படுத்துவிட்டான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். "நீ படிச்சவன்தான, வெசாரிச்சு சொல்லு" என்று என்னைத் துரத்தினார்.

நான் வேலை பார்த்த சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், வெள்ளை வெளேரென்று மேலாகக் கிடப்பதைக் கொஞ்சம் தின்றால் பெரிதாகக் கெடுதல் இல்லை. முதலில் விழுவது காற்றின் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும் என்பதால் சற்றுப் பொறுத்து எடுப்பது நல்லது. உருக்கிக் குடிப்பதானால் காய்ச்ச வேண்டும். எல்லாவற்றையும் அம்மாவிடம் விளக்கினேன்.

"அவன் பொறுத்து எடுத்தானா?" என்றார். 

பல நாள் கழித்துத்தான் அவனே கூப்பிட்டான். பனியில் டவர் போய்விட்டதாம். மார்ச்சில் லீவில் வந்தவன், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். "இந்தாம்மா, நீ திட்டுன ஐஸு. ரயில்லயே உருகிடுச்சு."

"காய்ச்சிக் குடிம்மா" என்றேன் நான்.

"காய்ச்சுனா அவன் தின்னது மாரி இருக்குமா?" என்றவர், இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"உப்பே இல்லடா" என்றார்.

தம்பி திரும்பிப் போனபின், மீதித் தண்ணீரை அவர் கொட்டவும் இல்லை, குடிக்கவும் இல்லை. தொலைவில் இருப்பவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு மடக்குதான் எனக்கு நினைவு வருகிறது. அது மலையில் விழுந்த பனிதானா, வழியில் ஏதோ ஸ்டேஷன் குழாயில் பிடித்ததா என்று தம்பியைத் தனியாகக் கேட்டபோது சிரித்தான்; இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.