என் கதாநாயகனுக்கு வந்த இண்டர்வியூ

என் முதல் ஒன்பது நாவல்களின் நாயகர்களும் ஆறடிக்கு மேல் உயரமானவர்கள். எல்லோருக்கும் எஸ்டேட் இருந்தது, ஊட்டியிலோ கூர்க்கிலோ. நான் ஊட்டிக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். பஸ்ஸில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. எஸ்டேட் முதலாளி ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. மாத நாவல் வாங்கிப் படிக்கிற பெண்களுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

என் பிழைப்பு வேறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வார்ப்பிரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் உதவியாளர். வீடு பொன்னேரியில். காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். நின்றுகொண்டு போனால் அடுத்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். புனைபெயரில் எழுதியதால் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். ஆனால் அவர் ஒரு நாவலைக்கூடப் படித்ததில்லை. அவர் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். "நீ எழுதினா நல்லாதான் இருக்கும், நான் வேற படிக்கணுமா?" என்பார்.

பத்தாவது நாவலின் முதல் ஏழு அத்தியாயங்களை அனுப்பியபோதுதான் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார்.

"உங்க ஹீரோ கதவைத் திறந்துக்கிட்டு வர்றான். முறைக்கிறான். திரும்பிப் போறான். ஏழு அத்தியாயமா இதையேதான் பண்றான். வீட்ல இவன் என்ன சாப்பிடுவான், யார்கூட சண்டை போடுவான், ஏதாவது தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாவல்களாக நான் காதலித்த ஆண்களைப் பற்றி அவர்கள் கார் நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் என் மேஜைக்குக் கீழே இருந்த ஒரு பழைய கட்டு கண்ணில் பட்டது. கம்பெனி சின்னம் மாறியதால் ஒதுக்கிவிட்ட வேலை விண்ணப்பப் படிவங்கள். பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வைத்திருந்தோம். ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள நாங்கள் கேட்கிற எல்லாக் கேள்வியும் அதில் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருந்தது. எடுத்து என் நாயகனுக்காக நிரப்ப ஆரம்பித்தேன்.

முதல் கட்டத்திலேயே எஸ்டேட் போய்விட்டது. எஸ்டேட்காரன் ஏன் எங்களிடம் விண்ணப்பிக்கப் போகிறான்? ஊர் ஊத்துக்கோட்டை என்று எழுதினேன். உயரம் ஐந்தடி ஆறங்குலம். படிப்பு ஐ.டி.ஐ., ஃபிட்டர். பலம் என்ற கட்டத்தில் "சொன்ன நேரத்துக்கு வருவேன்." பலவீனம் என்ற கட்டத்தில் எப்படி வந்ததோ தெரியவில்லை, "கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டேன். மூன்றாவது நாள் நானே பேசிவிடுவேன்" என்று கை எழுதிவிட்டது. முந்தைய வேலையை இரண்டே மாதத்தில் விட்டதற்குக் காரணம் கேட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விண்ணப்பிக்கிற எல்லோரும் எழுதுவதையே எழுதினேன்: "சொந்தக் காரணம்." செல்போன் எண் கட்டம் காலியாக இருந்தது கண்ணை உறுத்தியது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் கணவருடையது. அதைப் போட்டேன்.

அப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மேஜை காலி.

எங்கள் மேனேஜர் திருவள்ளூர்க்காரர். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. என் மேஜையில் கிடந்த ஃபிட்டர் வேலை விண்ணப்பங்களை எல்லாம் அவர் தன் அறைக்கு அள்ளிக்கொண்டு போய்ப் பிரித்து வைத்திருந்தார். எதிரே உற்பத்திப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர். அவர் கையில் என் நாயகன்.

"இன்னாம்மா, இவன எங்க வெச்சிருந்த இத்தினி நாளு?" என்றார். "இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன், பலவீனம்னு கேட்டா அல்லாரும் 'ரொம்ப உழைப்பேன்'னு எழுதுவான். உண்மைய எழுதின ஒரே ஆளு இவன்தான். பழைய பாரத்துல எழுதிகீறான் பாரு, சிக்கனமான ஆளு. கையெழுத்துகூட நல்லாகீது, உன்னுது மாதிரியே."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பாத்திரம் ஒன்றை ஒருவர் நிஜ ஆள் என்று நம்பியது அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தில் வாய் எழவில்லை. சந்தோஷம் தெளிவதற்குள் அவரே போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் மின்நிலையத்தின் இரைச்சல். என் நாயகனின் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். அந்தச் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. கம்பெனிப் பெயர் மட்டும் சேர்ந்திருக்கிறது.

"நாளைக்கு இண்டர்வியூ. பத்து மணிக்கு வர முடியுமா?"

"வரேன் சார்! கண்டிப்பா வரேன் சார்!" என்று என் கணவர் கத்தினார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் அரைக் கிலோ ஜாங்கிரி. எனக்கு ஒன்றை ஊட்டிவிட்டார்.

"எனக்கே தெரியாம அப்ளிகேஷன் போட்டுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்துக்கினு கீறியே," என்றார். "அந்த சாம்பத்தூளுல வேல செஞ்சு செஞ்சு பேஜாராகீதுன்னு நான் பொலம்பினத மனசுல வெச்சுக்கினுதானே பண்ணின? இனிமே ரெண்டு பேரும் ஒரே ரயில்ல போலாம்."

வாய் நிறைய ஜாங்கிரி இருக்கும்போது எப்படிச் சொல்வது? அதை விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. அவர் கல்யாணத்துக்குப் போடுகிற நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் நான் வழக்கமான ரயிலில் முன்னாலேயே போனேன். மேனேஜர் வந்ததும் நேராக அவர் அறைக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாவல் எழுதுவேன், அந்த ஆள் கதையில் வருகிறவன், பத்து மணிக்கு வரப்போகிறவர் என் வீட்டுக்காரர், அவர் எலக்ட்ரீஷியன், அவருக்கும் எதுவும் தெரியாது. வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன்.

அவர் படிவத்தை எடுத்து மறுபடி ஒருமுறை படித்தார். கோபம் இல்லை. நல்ல ஆள் ஒருவன் கைவிட்டுப் போன துக்கம்தான் முகத்தில் தெரிந்தது.

"சரி," என்றார் கடைசியில். "மொத வேலைய ரெண்டு மாசத்துல ஏன் வுட்டான்?"

"தெரியல சார்."

"தெரியாமயா பாரம் ரொப்பின? உக்காரு அந்தச் சேர்ல."

விண்ணப்பதாரர்கள் உட்கார்கிற நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் பேனாவைத் திறந்தார். விளையாடுகிறாரா நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"சொந்தக் காரணம்னு எழுதறவங்க மூணு வகை. சண்ட, கல்யாணம், வெக்கம். இவன் எது?"

"வெட்கம் சார்," என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"எதுக்கு வெக்கம்?"

"அங்க ஒரு பொண்ணு சார். தரம் பாக்கற செக்‌ஷன்ல. ஒரு நாளு இவன் மெஷின் டிராயிங்க தலைகீழா பிடிச்சுக்கினு நின்னான். அவ வந்து, ஒண்ணும் சொல்லாம, அவன் கையிலயே அத நேரா திருப்பி வெச்சுட்டுப் போயிட்டா. யாருக்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் அவனால அவ மூஞ்சியப் பாக்க முடியல."

நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை அதுவரை எனக்குத் தெரியாது. என் ஏழு அத்தியாயங்களில் இருந்த நாயகி வேறு ஒருத்தி. பட்டுப்புடவையில் மாடிப்படி இறங்கி வருவாள்.

மேனேஜர் பேனாவை மூடினார். "ஐ.டி.ஐ. படிச்சவனுக்கு டிராயிங் படிக்கத் தெரியாதா?"

மாட்டிக்கொண்டேன். ஆனால் மாட்டிக்கொண்டது நான் இல்லை, அவன்.

"அப்ப அவன் ஐ.டி.ஐ. முடிக்கல சார்," என்றேன் மெதுவாக. "ஊத்துக்கோட்டைல டிராக்டர் ரிப்பேர் பண்ற பட்டறைல கத்துக்கினது. பாரத்துல பொய் எழுதிட்டான்."

"உண்மை பேசற ஆளுன்னு நெனச்சேனே," என்று மேனேஜர் படிவத்தைத் தள்ளி வைத்தார். நிஜமாகவே மனம் நொந்துவிட்டார். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். நானே நிரப்பிய படிவத்தில் அவன் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறான். முந்தைய ஒன்பது பேரில் ஒருவனுக்குக்கூட அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

அப்போது வாசலிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "ஃபிட்டர் இண்டர்வியூக்கு ஒருத்தரு வந்துகீறாரு சார். நீலச் சட்ட."

மேனேஜர் என் கணவரை மரியாதையாக உட்கார வைத்து, டீ வரவழைத்து, நடந்ததையெல்லாம் அந்தப் பெண், பட்டறை உட்பட அவரே விளக்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் படிவத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். நான் எழுதியதில் அவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல்.

"இந்த ஆளு நெசமாவே இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க."

"பின்ன இன்னாத்துக்கு அவனுக்கு என் நம்பர குடுத்த?"

எலக்ட்ரீஷியன் இடம் காலியானால் கட்டாயம் சொல்கிறேன் என்றார் மேனேஜர். என் கணவர் டீயைக் குடித்து முடித்து, இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் அவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மிச்சமிருந்த ஜாங்கிரி அப்படியே கிடந்தது. நானும் முகம் கொடுக்க முடியாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டே சமையலறைப் பக்கம் வந்தார்.

"அந்தப் பொண்ணு அவனத் தேடிக்கினு ஊத்துக்கோட்டைக்குப் போவாளா, மாட்டாளா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். பலவீனம் என்ற கட்டத்தில் என் கை யாரைப் பார்த்து எழுதியது என்று அப்போதுதான் தெரிந்தது. பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவரைப் பற்றி நான் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

"மன்னிச்சுடுங்க," என்றேன்.

"அத வுடு. போவாளா மாட்டாளா?"

"போனா எப்படிப் போவா? அவளுக்கு அவன் ஊடு எங்கன்னு தெரியாதே."

"பட்டறைன்னு ஒங்க மேனேஜர் சொன்னாரே. பஸ் ஸ்டாண்டுல எறங்கி டிராக்டர் பட்டறைன்னு கேட்டா காட்டப் போறாங்க. இது ஒரு கஷ்டமா?"

ஏழு அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டேன். புதிதாக எழுத மூன்று மாதம் ஆனது. நாயகியைத் தெரிந்துகொள்ள இன்னொரு படிவம் நிரப்பினேன். இந்த முறை வீட்டில், செல்போன் எண் இல்லாமல். அவளிடம் கேள்வி கேட்டது என் கணவர். "கோவம் வந்தா இன்னா பண்ணுவா?" என்றார். "அப்பவே கத்தித் தீத்துடுவா," என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவும்," என்று சொல்லிவிட்டு ஃபேனைத் துடைக்கப் போனார்.

நாவலில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊத்துக்கோட்டைக்குப் போகிறாள். பஸ் ஸ்டாண்டில் பட்டறைக்கு வழி காட்டுகிறார்கள். அவன் டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறான். அவள் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் திட்டுகிறாள். பதிப்பாசிரியர் அம்மா படித்துவிட்டு, "இவனை எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றார். "வேலை கேட்டு வந்தான்," என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புத்தகம் வந்ததும் மேனேஜருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். ஐந்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"நல்லாதான் எழுதிகீற. ஆனா கடேசி அத்தியாயத்துல கல்யாணம் பண்ணிக்கினு திருத்தணிக்குப் போறாங்க, மாமண்டூர் போறாங்க, சுத்தறாங்க. புது கம்பெனில சேந்து ஒரு மாசந்தான் ஆவுது. லீவு லெட்டர் குடுத்தானா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. மறுபதிப்பு வந்தபோது ஒரு பத்தி சேர்த்தேன். ஐந்து நாள் கேட்டிருந்தான். அவனுடைய மேனேஜர் மூன்று நாள்தான் கொடுத்தார்.