பதினொரு மணி டிரில்

“பசி என்பது வியாதி. அதுவும் சோம்பேறிகளுக்கு மட்டும் வருகிற வியாதி! எந்தப் பிள்ளையையும் ஒரு மணி நேரம் என் விசிலுக்குக் கீழே விட்டுப் பாருங்கள். சோறு என்கிற சொல்லையே மறந்துவிடுவான். இது தாண்டவராயனின் சவால்!”

1964-ஆம் வருடத்துப் பள்ளி ஆண்டு விழாவில் டிரில் மாஸ்டர் தாண்டவராயன் இப்படி முழங்கினார். மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் முழங்கினார். மைக்கின் மேல் அவருக்கு ஏதோ கோபம். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற ரோட்டில், ஐந்தாவது மைலில் இருந்த அந்த ஓட்டுக் கூரைப் பள்ளியின் நூற்றிருபது பிள்ளைகளும் கை தட்டினார்கள். தட்டாதவர்கள் மறுநாள் மைதானத்தை எத்தனை சுற்று வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாண்டவராயனின் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டாம். அவருடைய கோபங்களைத் தேதிவாரியாக எடுத்துக்கொண்டால் போதும், வரலாறு தானாக வந்துவிடும். விடிந்ததும் சைக்கிள் செயின் மேல் கோபம். பிறகு எதிர்க்காற்றின் மேல். பள்ளிக்கூடம் வந்ததும் வளைந்த முதுகுகள் மேல். மத்தியானம் அவரே நடத்துகிற கணக்குப் பாடத்தில் டெஸ்க்கில் தலை சாய்க்கிற பிள்ளைகள் மேல். இந்தக் கடைசிக் கோபத்தில் சில தலைகள் வீங்கியதும் உண்டு.

பசியைப் பற்றிய அவருடைய தத்துவமும் ஒரு கோபத்தில்தான் பிறந்தது. 1951-இல் விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு டீக்கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் பாசஞ்சர் வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. தாண்டவராயன் வண்டியை விடுகிற ஆளா? தண்டவாளத்தை ஒட்டியே ஓடினார். முண்டியம்பாக்கத்தில் கிராசிங்குக்காகக் காத்து நின்ற வண்டியில் ஏறி, கார்டை முறைத்துவிட்டு உட்கார்ந்தார். மனைவி அஞ்சம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் மடியில் இருந்தது. பிரிக்கவே தோன்றவில்லை. துளிப் பசி இல்லை! அந்த நிமிஷத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது, பொட்டலத்தோடு பானையும் எப்படிக் காலியானது என்பதை அஞ்சம்மாளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஞானிகளின் மனைவிகளை யார் கேட்கிறார்கள்?

அதே ஆண்டு விழாவில் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் தேவநாதனும் பேசினார். பாவம், விஷயம் தெரிந்தவர். “பிள்ளைகள் ஓடியாடினால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற ஒரு சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிறது. வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்றைச் சுரக்கிறது. எலும்பை வளரச் சொல்வது அதுதான். இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்” என்றார். உடனே பள்ளிக் கமிட்டித் தலைவர், ரைஸ்மில் சீனுவாசன், எழுந்து நின்று கை தட்டினார். தலைவர் தட்டினால் ஊரே தட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டாக்டர் தம் பேச்சின் மறுபாதியையும் சொல்லத்தான் செய்தார்: வயிற்றில் சோறு விழாவிட்டால் அந்த ஹார்மோன் எவ்வளவு சுரந்தும் எலும்பு அதன் பேச்சைக் கேட்காது என்று. கைதட்டல் ஓய்ந்தபோது அவருக்கு மாலை போட்டு ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது.

மறுநாளே சீனுவாசன் மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். அரிசித் தட்டுப்பாடு ஊரை வாட்டிக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர்ப் பங்கு அரிசி அவருடைய மில்லிலிருந்துதான் போக வேண்டும். நெல் அரைக்க வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தப் பங்கை முன்கூட்டியே பிடித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

“மாஸ்டர், ஓடினா பசிக்காதுன்னு நீங்க சொல்றீங்க. ஓடினா வளரும்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் இன்னாத்துக்கு அவ்ளோ சோறு? டிரில்ல சாயங்காலம் வெச்சிக்கினு ஏன் வீணாக்கறீங்க? பதினோரு மணிக்கு வைங்க.”

தம் தத்துவத்துக்குச் சர்க்கார் கெஜட்டில் இடம் கிடைத்ததுபோலத் தாண்டவராயன் பூரித்துப் போனார்.

பதினொரு மணி டிரில் அமலுக்கு வந்தது. மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டம், குதிப்பு, தண்டால். பன்னிரண்டு அடித்ததும் சாப்பாடு. பிள்ளைகள் மூச்சு வாங்க வந்தார்கள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள், இரண்டு வாய் சோற்றைப் பிசைந்தார்கள், எழுந்துவிட்டார்கள். அண்டாவில் பாதி அப்படியே நின்றது. தத்துவம் ஜெயித்தது!

ஓடுகிற உடம்பு, வயிற்றுக்குக் கொஞ்ச நேரம் லீவு கொடுத்து அனுப்பிவிடும். ரத்தமெல்லாம் கைகால்களுக்கு ஓடிவிடும். பசி வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். லீவு முடிந்து வயிறு வேலைக்குத் திரும்பும்போது பழைய பாக்கியையும் சேர்த்துக் கேட்கும். அது கேட்கிற நேரம் மத்தியானம் இரண்டரை, மூன்று. மூன்று மணிக்கு அண்டா சீனுவாசனின் மாட்டுக் கொட்டகையில் இருந்தது. அன்னம் வீணாகக் கூடாதல்லவா? அவருடைய நான்கு எருமைகளும் டிரில் செய்யவில்லை. ஆனாலும் நன்றாக வளர்ந்தன.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. டெபுடி இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறார், டிரில் மாஸ்டர் சாட்சி சொன்னதும் அரிசியைப் பாதியாகக் குறைக்கக் கையெழுத்துப் போடுவார் என்று சேதி வந்தது. சேதி வந்த அன்றைக்கே சமையல்கார வெள்ளையம்மாள் கரண்டியோடு மைதானத்துக்கு வந்தாள். கோபத்தில் மாஸ்டருக்குக் கொஞ்சமும் குறைந்தவள் அல்ல, விசில்தான் கிடையாது.

“இன்னா சார் வேலை பண்ணிக்கினு இருக்கீங்க? இருக்கிற சோத்தையும் பாதியாக்கிட்டு எருமைக்கு எதப் போடுவீங்க?”

“ஏம்மா, பசிக்கலன்னுதானே பசங்க எழுந்து போறானுங்க? நான் இன்னா வாயக் கட்டிட்டனா?”

“பன்னண்டு மணிக்குப் பசிக்கல சார். மூணு மணிக்கு வந்து பாருங்க, புளியங்கொட்டைய வாயில போட்டு உருட்டிக்கினு கிடக்குதுங்க. எம் பொண்ணு கிருஷ்ணவேணிக்குப் போன வருசம் தெச்ச பாவாடை. இன்னும் கணுக்காலாண்டயே நிக்குது. ஒரு விரக்கடை மேல ஏறல. துணி மிச்சம்னு சந்தோசப்படச் சொல்றீங்களா?”

“டாக்டரே சொல்லிட்டாரு, ஓடினா வளரும்னு!”

“அவரு ரெண்டாவதா சொன்னத நான் அடுப்பாண்ட நின்னுக்கினு கேட்டேன். கை தட்டுனவங்களுக்குத்தான் கேக்கல.”

தாண்டவராயனின் காது சிவந்தது. “நானுந்தான் அவனுங்களோட ஓடுறேன். எனக்குப் பசிக்குதா?”

“காலைல இன்னா துன்னுட்டு வர்றீங்க?”

“எட்டு இட்லி. அதுக்கின்னா இப்போ?”

“எங்க புள்ளைங்க வாயக் கொப்புளிச்சிட்டு வருதுங்க சார். நாலு வூட்ல கேப்பைக் கூழு இருக்கும். மல்லாட்டை புடுங்கற மாசம்னா ஒரு பிடி பச்சக் கடலை. மத்ததுங்களுக்குப் பச்சத் தண்ணி. நீங்க ஆம்பளையா இருந்தா வெள்ளிக்கெழம அப்படி வந்து ஓடுங்க. நாலு மணி வரைக்கும் தண்ணி தவிர எதுவும் கூடாது. ஜெயிச்சிட்டீங்கன்னா பாதி அரிசி போதும்னு நானே இன்ஸ்பெக்டராண்ட சொல்றேன்.”

“தோத்தா?”

“டிரில் சாயங்காலத்துக்குப் போவணும். அண்டா எங்கயும் போவக் கூடாது.”

“வர்றேன்!” என்றார் தாண்டவராயன். அந்தச் சத்தத்தில் கொடிக்கம்பத்துக் காக்கை பறந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சம்மாள் இட்லித் தட்டோடு நின்றாள். “உடம்பு சரியில்லையா?”

“கோபமா இருக்கேன்.”

“கோவம் என்னிக்கு உங்கள இட்லி துன்ன வுடாம தடுத்துது?”

தாண்டவராயன் சைக்கிளை எடுத்தார். ஐந்து மைல் எதிர்க்காற்று. பதினொரு மணிக்கு விசில் ஊதினார். பிள்ளைகளுக்கு முன்னால் தாமே ஓடினார். ஐம்பது தண்டால் எடுத்தார். பன்னிரண்டு அடித்தபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பசியே இல்லை. சோற்று வாசனை வந்தது, வேண்டியிருக்கவில்லை. சமையல் கொட்டகை வாசலில் போய் நின்று, “பாத்தியாம்மா?” என்று கத்தினார்.

“மணி பன்னண்டுதான் சார்” என்றாள் வெள்ளையம்மாள், அண்டாவை மூடியபடி.

ஒரு மணிக்கும் அவர் வெற்றிவீரர்தான். இரண்டு மணிக்கு ஏழாம் வகுப்பில் பூகோளம் நடத்தப் போனார். காவிரியின் உபநதிகளில் மூன்றாவது ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டரைக்கு அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல் இருந்தது. சாக்பீஸ் கை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவருக்குக் கண் இருட்டியது.

நிமிர்ந்து பார்த்தார். பாதி வகுப்பு டெஸ்க்கில் தலை வைத்துக் கிடந்தது. வழக்கமாக அவருக்குக் கோபம் வரும் காட்சி. வரவழைத்துப் பார்த்தார். தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கோபப்படுவதற்கும் தீனி வேண்டும் என்பது அந்த மனிதருக்கு நாற்பத்திரண்டாவது வயதில் தெரிந்தது. எத்தனை மத்தியானம் இந்தத் தலைகளில் குட்டியிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினார். எண்ணி முடியவில்லை. முன் பெஞ்சில் ஒரு பெண் புளியங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவரையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு மில் ஆள் அண்டாவை எடுத்துப் போக வந்தான். வெள்ளையம்மாள் அதன் மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எழுந்திரு, ஜல்தி! எருமைங்க கத்துது.”

“கத்தட்டும். அதுங்கள மைதானத்துல நாலு சுத்து ஓட வுடச் சொல்லு, பசி அடங்கிடும்.”

அவன் தலைவரிடம் சொல்ல ஓடினான். வெள்ளையம்மாள் கரண்டியால் தட்டில் ஓங்கித் தட்டினாள். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எந்த வாத்தியாரும் தடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் உயரப்படி வரிசையாக நின்றார்கள், குள்ளமானது முன்னால், நெட்டையானது பின்னால். மத்தியானம் இரண்டு வாயோடு எழுந்த பிள்ளைகள் இப்போது ஆறிப்போன சோற்றை அள்ளி அள்ளி விழுங்கியதைப் பார்த்து வெள்ளையம்மாள் யாரையோ வாயாரத் திட்டிக்கொண்டே போட்டாள்.

மூன்றரைக்கே தலைவரின் கார் வந்து நின்றது. சீனுவாசனும் டெபுடி இன்ஸ்பெக்டரும் இறங்கினார்கள்.

“இன்னா நடக்குது இங்க? மாஸ்டர் எங்க?” என்று சீனுவாசன் அதட்டினார். “மாஸ்டர்! ஐயாகிட்ட வந்து சொல்லுங்க, ஓடினா பசிக்காதுன்னு. மாஸ்டர்!”

இன்ஸ்பெக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வந்தார். வரிசையின் கடைசியில், எல்லாரையும்விட உயரமாக, யாரோ ஒரு பிள்ளையிடம் வாங்கிய அலுமினியத் தட்டோடு தாண்டவராயன் நின்றிருந்தார். முன்னால் நின்ற பெண் நகர்ந்தாள். தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரும் ஓரடி முன்னால் நகர்ந்தார்.